எட்டுப் பல்

எங்கள் தெருவில் மழைத்தண்ணீர் ஓடாது, விழும்.
பீச்வியூவின் அந்தச் செங்கல் சரிவில்
ஏழு வருஷமாகக் கியரை மட்டும் நம்பி
ஓரக்கல்லில் ஒரு சக்கரத்தைச் சாய்த்து
நின்றுகொண்டிருந்தது எங்கள் சுபாரு.

வருஷச் சோதனையில் ஸ்டிக்கர் கிடைக்கவில்லை.
கைப்பிரேக் பெயருக்குத்தான் இருக்கிறது என்றான்.
ஐந்நூற்று இருபது டாலர் என்று எழுதி
அடியில் ஒரு கோடும் போட்டான்.
ஷூ செட் முப்பத்தொன்று.
மீதி?
துரு, என்றான்.

சரிவில் ஜாக்கி வைக்கக் கூடாது.
பின்சந்தில் டெப் வீட்டுக் குப்பைத்தொட்டிக்கும்
எங்கள் வேலிக்கும் நடுவில் மட்டும்தான்
இந்த பிட்ஸ்பர்க்கில் தரை தரையாக இருக்கிறது.
ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போகவில்லை.
முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்தேன்.
எட்வின் மாடியில் இருந்தான்.
வியாழனிலிருந்து பேச்சில்லை.
அவன் தங்கைக்குப் பணம் அனுப்பியது பெரிதில்லை,
அதை என் தம்பி சொல்லி நான் தெரிந்துகொண்டேன்.

டிஸ்க் வர மறுத்தது.
எத்தனை குளிர்காலத்து உப்போ,
சக்கரத்தின் கழுத்தைப் பிடித்து உட்கார்ந்திருந்தது.
சுத்தியலை எடுத்தேன். வியாழனுக்கு ஒன்று,
வெள்ளிக்கு ஒன்று, சனிக்கு
எண்ணவில்லை.
டெப்பின் நாய் ஒவ்வோர் அடிக்கும் பதில் சொன்னது.
கடைசியில் வந்தது, கொத்தாகத்
துருப்பொடியோடு என் மடியில்.

உள்ளே இரண்டு பிறை.
ஒன்றில் ஒட்டியிருந்த பட்டை
தேய்ந்திருக்கவில்லை, உரிந்திருந்தது.
தேங்காய்ப் பருப்பு சிரட்டையை விடுவதுபோல
முழுசாக, வளைவு மாறாமல்
கையோடு வந்துவிட்டது.
பிடித்துப் பிடித்துத் தேய்ந்ததில்லை.
பிடிக்காமலே கிடந்து
கழன்றது.

மேல் ஸ்பிரிங் மூன்று தடவை தெறித்தது.
முதலாவது என் மோவாயில்.
மூன்றாவது டெப்பின் செடிகளுக்குள்.
குப்புறக் கிடந்து துழாவும்போது
கண்ணுக்கு நேரே நீல ரப்பர் செருப்பு.
"இதுவா பாரு. நாய் வச்சிருந்துச்சு."
"ம்."

"உள்ள உக்காரு. நான் சொன்னா இழு, சொன்னா விடு."
நான்கு நாளில் நான் பேசிய
மிக நீளமான வாக்கியம்.

டிஸ்க்கின் துளைக்குள் ஸ்க்ரூடிரைவர் விட்டு
பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தள்ளினேன்.
டிஸ்க் கனத்தது, உரசியது, சுற்ற மறுத்தது.
பிறகு திரும்பி எண்ணினேன்.
ஒன்று. இரண்டு.
"எதுக்குத் தளத்துற? இப்பதான இறுக்குன?"
"ஒட்டிக்கிட்டே ஓடினா எரிஞ்சு போகும்."
"எவ்வளவு?"
"எட்டுப் பல்."
உள்ளே சத்தமில்லை.
பிராட்வேயில் டிராம் மணியடித்துக்கொண்டு போனது.
"எட்டா," என்றான், எனக்கில்லை.

அந்தப் பக்கமும் இதே கதை,
ஆனால் இப்போது பின்னைப் பின்புறமிருந்து
அழுத்திப் பிடிக்க ஒரு கட்டைவிரல் இருந்தது.
இழு. விடு. இழு.
பதின்மூன்று டிக் இருந்தது பத்தானது,
பத்து ஏழானது.
ஏழில் லீவர் நின்றது.

சாயங்காலம் சரிவுக்கு ஓட்டிப்போனோம்.
நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து,
கால்பிரேக்கிலிருந்து அவன் காலை எடுக்க
ரொம்ப நேரமாயிற்று.
கார் ஒரு விரல்கடை பின்னால் சாய்ந்தது,
யாரோ நாற்காலியில் உட்கார்வதுபோல.
அவ்வளவுதான்.
கீழே நகரம் இருந்த இடத்திலேயே இருந்தது.
"முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றான்
கண்ணாடியைப் பார்த்தபடி.
எதை என்று நான் கேட்கவில்லை.

சாமான்களை ஒதுக்கும்போது
பிஸ்கட் டப்பா மூடியில் ஒரு வாஷர்
மிச்சம் கிடந்தது.
இடப்பக்கத்துதா, வலப்பக்கத்துதா
தெரியவில்லை.
நாளைக்கு மறுபடி கழற்ற வேண்டும்.
எட்வின் அதை விளக்கில் பிடித்துப் பார்த்தான்.
ஜாக்கியை மட்டும்
வெளியிலேயே விட்டுவிட்டு
கை கழுவப் போனான்.